இருநூற்றுப் பன்னிரண்டாவது ரேங்கும் ஆறு அரியரும்

கோவிந்தராஜுக்குச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே தலை கிறுகிறுத்தது. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று, இரண்டு டம்ளர் மோர் குடித்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? வியாதி உடம்பில் இருந்தால்தானே! அது டி.வி. ஸ்டாண்டின் மேல் இரண்டு காகிதமாகக் கிடந்தது.

ஒரு காகிதம், பி.காம். முடித்து ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்து எழுதிய, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வின் முடிவு. பெயர் கோ. சுவேதா. தேர்வு எழுதியவர்கள் அறுபத்தோராயிரம் பேர், சுவேதாவின் ரேங்க் இருநூற்றுப் பன்னிரண்டு. இன்னொரு காகிதம் பி.காம். மதிப்பெண் பட்டியல். அதிலும் அதே கோ. சுவேதா. நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. அதுவும் இரண்டாம் வருஷத்தில் ஆறு பாடம் அரியர் வைத்து, மூன்றாம் வருஷத்தில் தட்டுத் தடுமாறி எழுதி, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று கரையேறிய மார்க்.

இரண்டும் ஒரே பெண். கோவிந்தராஜ் பெற்ற பெண். அவருக்கு இருப்பதே இந்த ஒரு பெண்தான்.

"இருநூத்திப் பன்னெண்டா?" என்று முகம் வாடினாள் பார்வதம். "இஸ்கூல்ல அஞ்சாவது ரேங்குக்குக் கீழ வந்ததே இல்லியேய்யா இது."

அறுபத்தோராயிரம் பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் என்ன என்று மனைவிக்கு விளக்க கோவிந்தராஜுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. விளக்கி முடித்தபோது அவருக்கே பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய மூளை நம் வீட்டில் எப்படி வந்தது? வந்தது சரி, அது பி.காம். படிக்கும்போது எங்கே ஊர் சுற்றப் போயிருந்தது?

பயத்துக்குக் காரணம் இருந்தது. நம் ஊர் சட்டக் கல்லூரிகளில் டிகிரி மார்க்கைப் பார்த்துத்தான் சீட்டு. ஐம்பத்திரண்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நுழைவுத் தேர்வு ரேங்கைப் பார்க்கிற கல்லூரி புனேயில் ஒன்று இருந்தது. உதவித்தொகையும் உண்டு. அங்கேதான் சுவேதா விண்ணப்பம் போட்டிருந்தாள். அவர்கள்தான் திங்கட்கிழமை மாலை ஒரு மெயில் அனுப்பியிருந்தார்கள். சுவேதா அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். உங்கள் நுழைவுத் தேர்வு முடிவு மிகச் சிறப்பாக இருக்கிறது, பட்டப்படிப்பு மதிப்பெண் அதற்கு நேர்மாறாக இருக்கிறது, இதற்கு என்ன காரணம் என்று ஒரு பக்கம் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மாட்டோம்.

"அவ்ளோதானே? எழுதிப் போடு," என்றார் கோவிந்தராஜ்.

சுவேதா லேப்டாப்பை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை எழுதவில்லை. புதன்கிழமையும் எழுதவில்லை. நுழைவுத் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் நூற்றைம்பது கேள்விக்குப் பதில் சொன்ன பெண்ணுக்கு, ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் வரவில்லை. இதை என்னவென்று சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

கோவிந்தராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முப்பது வருஷமாக அவர் பார்க்கிற வேலையே பொருத்திப் பார்க்கிற வேலைதான். சீட்டில் நாற்பது என்று இருந்தால் ரேக்கிலும் நாற்பது இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்று பொய். அந்தப் புத்தியை வைத்துக்கொண்டே மகளையும் பார்த்தார் மனுஷர். முதலில் ரேங்கின் மேல் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, பரிச்சையில பிட்டு கிட்டு..."

சுவேதா நிமிர்ந்து பார்த்த பார்வையில் மீதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"கம்ப்யூட்டர்ல எழுதற பரிச்ச நைனா. மேல கேமரா, பின்னால போலீஸ் மாதிரி ஒரு அம்மா. எங்கேர்ந்து பிட்டு அடிக்கிறது?"

சரி, ரேங்க் உண்மை. அப்படியென்றால் மார்க்கில்தான் கோளாறு. அந்த இரண்டாம் வருஷத்தில் என்னமோ நடந்திருக்கிறது. என்ன நடந்திருக்கும்? வயசுப் பெண். கோவிந்தராஜ் சமையற்கட்டுக்குள் போய் மனைவியின் காதில் ரகசியமாகக் கேட்டார்.

"ஏண்டி, எவனாவது... லவ்வு கிவ்வுன்னு..."

"தூ, வாயக் கழுவு!" என்றாள் பார்வதம், கையில் கரண்டியோடு. "அந்த வருசம் நாம இருந்த இருப்புக்கு அதுக்கு லவ்வு ஒண்ணுதான் கேடு!"

அந்த வருஷம் என்ற வார்த்தை வந்ததும் இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வீட்டில் அந்த வருஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் கதை கேட்கிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோவிந்தராஜின் ஸ்டோரிலிருந்து நாற்பத்திரண்டு பித்தளை வால்வு காணாமல் போயிற்று. வெளியே அனுப்பிய சீட்டில் அவர் கையெழுத்து இருந்தது. கம்பெனி அவரைத் திருட்டுக் குற்றம் சாட்டி சஸ்பெண்ட் செய்து, உள்விசாரணை வைத்தது. ஒன்பது மாசம் இழுத்தது விசாரணை. கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி, வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், சஸ்பெண்ட் ஆன விஷயம் மச்சான் கஜபதிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பார்வதத்தின் அண்ணன் கஜபதி, கரையான்சாவடியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். அந்தக் கம்பெனியில் கோவிந்தராஜுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "என் பேரக் காப்பாத்து மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் சேர்த்துவிட்டார். அவரிடம் போய், திருடினேன் என்று சொல்லி வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஓசூர் பிராஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது மாசம் கோவிந்தராஜ் நசரத்பேட்டையில் தன் வீட்டுக்குள்ளேயே ஓசூரில் இருந்தார். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துதான் இருக்கும். ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளத் தெரிந்த தெரு அது.

கஜபதி தங்கையைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிந்தராஜ் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். கீழே ஹாலில் உட்கார்ந்தபடி கஜபதி போன் போடுவார்.

"இன்னா மச்சான், ஓசூர்ல குளுரு எப்டிக் கீது?"

"செம குளுரு மச்சான், ஸ்வெட்டர் இல்லாம முடியல," என்பார் கோவிந்தராஜ், மே மாச வெயிலில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

சிரிப்பு வருகிறதில்லையா? அவருக்கு அப்போது அழுகைதான் வந்தது.

அந்தக் கண்டத்திலிருந்து தன்னைக் காப்பாற்றியவர் தொழிற்சங்கத் தலைவர் நடேசன் என்பது கோவிந்தராஜின் அசைக்க முடியாத நம்பிக்கை. விசாரணையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாட்சிகளைக் கேள்வி கேட்டுக் கேட்டு மூச்சுமுட்ட வைத்த மனிதர். மேனேஜ்மெண்டுக்கு இங்கிலீஷில் எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் என்று பதில் எழுதிய மனிதர். இன்றுவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுக்காமல் கோவிந்தராஜ் தனக்கு எடுத்துக்கொண்டதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கஜபதி வந்தார். விஷயத்தைக் கேட்டார். தொடையைத் தட்டினார்.

"இதுக்கா ரெண்டு நாளா மண்டையப் பிச்சிகினு கீறீங்க? மஞ்ச காமாலைன்னு எழுது. மூணு மாசம் படுத்த படுக்கை. காலேஜுக்குப் போகல, மார்க்கு பூடுச்சு. நம்ம கடைக்குப் பெயிண்டு வாங்க வர்ற டாக்டர் ஒர்த்தர் கீறாரு. நாளைக்கு சாயங்காலம் சர்டிபிகேட்டோட வரேன். மேட்டர் ஓவர்."

பார்வதத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. லீவு கேட்டால் காய்ச்சல், கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வயிற்றுவலி என்று எழுதிப் பழகிய குடும்பம்தானே. காமாலை என்ன பெரிய விஷயம்?

"பொய் சர்டிபிகேட்ட வச்சி வக்கீலுக்குப் படிக்கிறதா மாமா?" என்றாள் சுவேதா.

"அப்ப நெசத்த எழுது. யாரு வேணான்னா? இன்னா நெசம்? சொல்லு, கேப்போம்."

சுவேதா வாயைத் திறந்தாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

பொய்யும் எழுத மாட்டாளாம், உண்மையும் சொல்ல மாட்டாளாம். கோவிந்தராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு பயமும் ஓடியது. சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன உண்மை?

வியாழக்கிழமை லீவு போட்டார். இனி இதற்கு ஒரே வழி தலைவர்தான். மெமோவுக்குப் பதில் எழுதுவதில் அவரை மிஞ்ச இந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆள் கிடையாது. கல்லூரி அனுப்பியதும் ஒரு மாதிரி மெமோதானே? உன் மீது இன்ன குறை, இன்ன தேதிக்குள் விளக்கம் கொடு, தவறினால் நடவடிக்கை. மகளுக்கு வந்த மெமோவுக்குத் தலைவர் ஒரு பதில் எழுதிக் கொடுத்தால் புனேக்காரன் ஆடிப்போவான். மெயிலை பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கரையான்சாவடியில் ஷேர் ஆட்டோ ஏறித் திருவேற்காட்டுக்குப் போனார்.

நடேசன் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. வராந்தாவில் மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா கோயிந்து. குந்து. அந்த ஸ்க்ருவ மிதிச்சிடாதே. இன்னா, மறுபடியும் மெமோவா?"

"எனக்கு இல்ல தலைவரே. பாப்பாவுக்கு."

நடேசன் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"இதுக்கு நான் பதில் எழுதறதா? உன் பொண்ணுக்கு? ஏண்டா, அது எழுதினதப் படிச்சிதாண்டா நானே பாதி இங்கிலீஷ் கத்துகினேன்!"

கோவிந்தராஜுக்குப் புரியவில்லை. "அது உங்க பதில டைப்புதானே தலைவரே அடிச்சிது?"

நடேசன் சிரிப்பை நிறுத்தினார். "அடப்பாவி. உனக்கு இன்னுமா தெரியாது? மூணு வருசத்துல எப்பனா சொல்லியிருக்கும்னுல்ல நெனச்சிகினு கீறேன்!"

பிறகு சொன்னார். மிக்ஸியின் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"மொதோ பதில் நான் எழுதினது. ரெண்டு பக்கம். ஐயா, நான் நிரபராதி, புள்ளகுட்டிக்காரன், கருணை காட்டுங்கன்னு. அத்த டைப் அடிக்கச் சொல்லி உன் பொண்ணுகிட்ட குடுத்தேன். மறுநாள் சங்க ஆபீஸ்ல வந்து நிக்குது. அங்கிள், இது பதில் இல்ல, பிச்சைன்னுச்சு. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. போம்மா, பெரிய மனுசங்க வேலையில தலையிடாதேன்னு திட்டி அனுப்ச்சேன். ஒரு வாரம் கழிச்சி, கம்பெனி விசாரணை எப்டி நடக்கணும்னு சொல்ற நிலையாணைச் சட்டப் புத்தகம், பழைய தீர்ப்பு, எல்லாத்தையும் கரைச்சிக் குடிச்சிட்டு எட்டுப் பக்கம் எழுதிகினு வந்துச்சு. படிச்சேன். அதுக்கு அப்புறம் நான் ஒரு வரி எழுதல கோயிந்து. கையெழுத்து மட்டும்தான் என்னிது."

"ஆனா, உள்ள சாட்சிங்களக் கேள்வி கேட்டது நீங்கதானே? நான் பக்கத்துலயே இருந்தேனே?"

"நடுவுல நடுவுல ஒண்ணுக்குப் போறேன்னு எழுந்து வெளிய போவேன்ல?"

"உங்களுக்கு சுகருன்னு நெனச்சேன் தலைவரே!"

"சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல! கேட்டுக்கு எதிர்க்க டீக்கடையில உன் பொண்ணு உக்காந்திருக்கும். சாட்சி இன்னா சொன்னான்னு நான் போய்ச் சொல்வேன். அது அடுத்த கேள்விய சீட்டுல எழுதிக் குடுக்கும். வாரத்துல ரெண்டு நாளு, காலையில பத்து மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், அந்த டீக்கடையிலதான் குந்திகினு இருந்துச்சு."

கோவிந்தராஜ் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். விசாரணை நாளில் எல்லாம் மகள் காலேஜ் பையை மாட்டிக்கொண்டு, அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே டாட்டா காட்டிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள். அட்டெண்டன்ஸ் எப்படி இருந்திருக்கும்? மூன்றாவது செமஸ்டரில் பரீட்சை எழுதவே விடவில்லை என்று அவள் ஒருநாள் சொன்னாள். இவர் இருந்த நிலையில் "அடுத்த வாட்டி எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏன் விடவில்லை என்று கேட்கவில்லை. அது இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"ஏன் தலைவரே என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ உள்ள உக்காந்துகினு வாசலயே பாத்துகினு இருப்பே. பொண்ணு படிப்பு பூடுதேன்னு கேஸ வுட்டாலும் வுட்டுருப்ப. அதுவே சொல்லுச்சு, நைனாவுக்குத் தெரிய வேணாம்னு." நடேசன் மோட்டாரைக் கீழே வைத்தார். "அதுவும் இல்லாம, பொய் எதுக்குச் சொல்றது... கம்பெனியே தலைவரு, தலைவருன்னு சொல்லிச்சுடா. எனக்கும் நல்லாத்தான் இருந்திச்சு."

கோவிந்தராஜுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வேட்டி சட்டைகளின் ஞாபகம் மட்டும் ஒரு நொடி வந்துபோனது.

"அந்தப் பல்லு விசயம்?" என்று கேட்டார்.

விசாரணையைத் திருப்பிப் போட்டதே அந்தப் பல்தான். சரக்கு வெளியே போனதாகச் சீட்டில் எழுதியிருந்த அதே நாள், அதே மதியம் மூன்று மணிக்கு, கோவிந்தராஜ் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு கிடந்தார்; அந்தச் சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கவே முடியாது. அது அவருக்கே மறந்துபோயிருந்தது. விசாரணையில் நடேசன் அந்த ஓ.பி. சீட்டை எடுத்து நீட்டியபோது தெய்வமே நேரில் வந்ததுபோல் இருந்தது.

"அதுவும் அதுதான். உங்க ஊட்ல மருந்துச் சீட்டு போட்டு வைக்கிற கவரு ஒண்ணொண்ணா கொட்டித் தேடிச்சாம். நாலு மாசம் ஆச்சு அது கெடைக்க." நடேசன் காகிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "மார்க்கு ஏன் கொறஞ்சதுன்னு கேக்கறாங்கல்ல? இதான் காரணம். உன் பொண்ணுக்குத் தெரியும். உனக்கோசரம்தான் எழுதாம உக்காந்திருக்கு. போ."

திரும்புகிற ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராஜுக்கு யாரும் கண்ணில் படவில்லை. அவ்வளவு நாள் குழப்பிய கணக்கு தீர்ந்துவிட்டது. ரேங்கும் உண்மை, மார்க்கும் உண்மை, இரண்டும் ஒரே டீக்கடையிலிருந்து வந்தவை. குழப்பம் தீர்ந்தால் மனசு லேசாக வேண்டுமல்லவா? ஆகவில்லை. பெருமையா, வெட்கமா, மகள் மேல் கோபமா, தன் மேலேயே கோபமா என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்து நின்றன. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி எழுந்தது. அந்த ஒன்பது மாசத்தில் மகள் ஒருநாளும் தன்னிடம், நீ எடுத்தாயா நைனா என்று கேட்டதில்லை. அவரும், நான் எடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னதில்லை. அப்படியானால் அவள் என்ன நினைத்துக்கொண்டு எழுதினாள்?

வீட்டில் கஜபதி சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கவர்.

"வா மச்சான். காமாலை ரெடி. டாக்டரு சீலோட. கையெழுத்துப் போட வேண்டியது நீ ஒர்த்தன்தான். இதான் பிடிவாதம் புடிக்குது."

சுவேதா ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. பார்வதம் அவளைக் கெஞ்சிக் களைத்துப்போயிருந்தாள்.

கோவிந்தராஜ் செருப்பைக் கழற்றினார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"மச்சான், நான் ஓசூருக்கே போகல."

"இன்னாது?"

"போகல. ஒம்போது மாசம் இங்கதான் கெடந்தேன். கம்பெனில என் மேல திருட்டுக் கேஸ் போட்டு சஸ்பெண்டு பண்ணிட்டாங்க. நீ ஹால்ல உக்காந்து போன் பண்ணப்பல்லாம் நான் மாடில டேங்க்கு பின்னால இருந்தேன்."

பார்வதம் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கஜபதி காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். இடம் எதிரிலேயே இருந்தும் அவருக்குக் கிடைக்கவில்லை.

"அப்ப அந்த ரோஜாச் செடி?" என்றார் கடைசியில். "ஓசூர்லேர்ந்துன்னு எடுத்தாந்து குடுத்தியே?"

"இங்க ஹைவேல நர்சரில வாங்கினது."

"ஊட்டாண்ட வர்றவன்கிட்டலாம் ஓசூர் ரோஜா, ஓசூர் ரோஜான்னு மூணு வருசமா சொல்லிகினு கீறேன்டா!" கஜபதிக்கு முகம் கறுத்துவிட்டது. ரோஜாவை விடப் பெரிய விஷயம் அப்புறம்தான் உறைத்தது. "நான் வாங்கிக் குடுத்த வேலடா அது. அங்க போயி... எடுத்தியா?"

"இல்ல."

"இல்லன்னா என்னாண்ட வந்து சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா ரோட்டுல போறவனா?"

கஜபதி கவரை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, தங்கையிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. பார்வதம் அழுதுகொண்டே வாசல் வரை ஓடினாள்.

"தலைவரப் பாத்துட்டுதான் வரேன்," என்றார் கோவிந்தராஜ் மகளிடம். "எல்லாம் சொன்னாரு. டீக்கடை, சீட்டு, எல்லாம். லேப்டாப்பத் தொற. உள்ளது உள்ளபடி எழுது."

"நைனா, அத்தப் போயி..."

"மாமனுக்கே தெரிஞ்சி பூடுச்சு. புனேல எவனுக்குத் தெரிஞ்சா எனக்கின்னா? எழுதும்மா."

சுவேதா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். அவள் இங்கிலீஷில் அடித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். என் தந்தை மீது அவர் வேலை செய்த நிறுவனம் திருட்டுக் குற்றம் சாட்டியது. விசாரணை ஒன்பது மாதம் நடந்தது. அவருக்காகப் பதில்களையும் குறுக்கு விசாரணைக் கேள்விகளையும் நான் எழுதினேன். அதனால் கல்லூரிக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

"நிரூபிக்கப்படலன்னா போதுமா?" என்றார் கோவிந்தராஜ். "நான் எடுக்கலன்னு போட மாட்டியா?"

"தீர்ப்புல இன்னா இருக்கோ அதான் போட முடியும் நைனா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டோவில் எழுந்த கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டோம் என்று பட்டது.

"நான் எடுக்கலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவேவா?"

சுவேதா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்தப் பெண் அப்படி வளர்ந்த பெண் இல்லை.

"மொதோ நாலு மாசம் தெரியாது நைனா. சீட்டுல உன் கையெழுத்து மாதிரியேதான் இருந்திச்சு. ஊட்லயும் அப்ப ரொம்பக் கஷ்டம். எடுத்திருப்பியோன்னுகூட நெனச்சேன். பல்லு சீட்டு கெடச்சப்பதான் தெரிஞ்சிது."

வாசலில் பார்வதம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. கோவிந்தராஜுக்குக் கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல் எரிந்தது. திருடன் என்று கம்பெனி சொன்னபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"நெனச்சிகினேவா எழுதின?" என்று கேட்டார். குரல் உடைந்துவிட்டது. "திருடன்னு நெனச்சிகினேவா காலேஜுக்குப் போகாம அந்த டீக்கடையில குந்தியிருந்த?"

"எடுத்திருந்தாலும் உன் பக்கம் ஒர்த்தர் இருக்கணும்ல நைனா."

சுவேதா பயந்துபோய் அவர் முழங்காலைத் தொட்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தயும் எழுது," என்றார்.

"எத்த?"

"நாலு மாசம் தெரியாதுன்றத. தெரியாமயே எழுதினேன்றத."

"வேணாம் நைனா. படிக்கிறவங்க உன்னப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"இன்னா வேணா நெனச்சிக்கட்டும். உன்னப் பத்தித்தானே கேட்டுக்கீறாங்க? எழுதும்மா."

சுவேதாவுக்கு எழுத்துக்கள் மங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

மறுநாள் காலை பூந்தமல்லி ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கம் சூடாக வெளியே வந்தது. கோவிந்தராஜுக்கு அதில் பாதி இங்கிலீஷ் புரியவில்லை. அந்த நாலு மாசம் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் மகளைக் கேட்டார். அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்து ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கீழே, பெற்றோர் என்று இருந்த இடத்தில், தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.